மேனேஜர் வெளியே இருக்கிறார்

மதியம் இரண்டரை மணிக்கு டயர்க்கடைக்காரர் சாப்பிட உட்காருவார். உட்காருவதற்கு முன்னால் நாயை அவிழ்த்துவிடுவார். கடையில் வேறு ஆள் கிடையாது. "நான் மொதலாளி, இவரு மேனேஜர். நான் சாப்புட்டு ஒரு கண்ணு அசந்து எந்திரிக்கிற வரைக்கும் இவருதானே கடையப் பாத்துக்கணும்?" என்பார். அந்த நாய்க்கு மேனேஜர் என்ற பெயர் அப்படித்தான் நிலைத்தது. தெருவில் எல்லோரும் அதைப் பற்றி மரியாதையாகவே பேசினார்கள். "மேனேஜர் வெளிய இருக்காரா?" "இப்பதான் வந்து ஒக்காந்தாரு." கேலிதான். ஆனால் கேலி செய்கிறவர்கள் அத்தனை பேரும் தெருவின் எதிர்ப்பக்கச் சுவரை ஒட்டியே நடந்தார்கள்.

சந்தின் கடைசி வீட்டில் இருந்த அவளுக்கு மட்டும் அந்தக் கேலி வாயில் வரவில்லை. மேனேஜர் என்ற சொல்லைக் கேட்டாலே கையில் இருப்பதைப் போட்டுவிட்டு மகள் எங்கே என்று தேடுவாள்.

அது முட்டுச்சந்து. முனையில் மருந்துக்கடை, நடுவில் டயர்க்கடை, கடைசியில் அவர்கள் வீடு. கீழே பூட்டிக் கிடக்கும் குடோன், அதன் பக்கத்தில் குறுகலான படிக்கட்டு, மேலே இரண்டு அறைகளும் ஒரு பால்கனியும். படிக்கட்டின் அடியில் தெருவைப் பார்த்து ஒரு கம்பிக் கதவு. உள்ளே வர வேண்டுமென்றாலும் வெளியே போக வேண்டுமென்றாலும் டயர்க்கடையைத் தாண்டித்தான் ஆக வேண்டும்.

ஒரு கண் ஆஸ்பத்திரிக்கும் ஒரு லாட்ஜுக்கும் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, தேய்த்து, மடித்துக் கொடுப்பது அவள் தொழில். பால்கனிக் கொடிகளில் எப்போதும் வெள்ளை வெள்ளையாகத் தொங்கும். அந்த வெள்ளையில் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் சிவப்புத் துண்டைத் தேர்ந்தெடுத்தாள். நாயை அவிழ்த்துவிட்டதும் சிவப்புத் துண்டைக் கைப்பிடிக் கம்பியில் போட்டுவிடுவாள். பள்ளிக்கூடம் விட்டு மூன்றே முக்காலுக்கு மகள் குட்டி முனைக்கு வருவாள். எட்டு வயது. தலையைத் தூக்கிப் பால்கனியைப் பார்ப்பாள். சிவப்பு இருந்தால் மருந்துக்கடை அக்காவிடம் போய் உட்கார்ந்துகொள்ள வேண்டும். நாலு மணிக்கு மேல் நாயைக் கட்டியதும் அம்மா துண்டை எடுப்பாள். சிவப்பு இல்லையென்றால் வரலாம்.

இந்த ஏற்பாட்டைக் கேட்டபோது அவள் கணவர் சிரித்தார். அவர் லிஃப்ட் மெக்கானிக்.

"ஏம்மா, நீ தலைகீழா வச்சிருக்கியே. லிஃப்ட்ல பிரேக் எப்படின்னு தெரியுமா? கரண்ட் இருந்தாதான் பிரேக் விடும். கரண்ட் போச்சுன்னா அதுவா புடிச்சுக்கும். எது கெட்டுப் போனாலும் பெட்டி நிக்கணும். ஒன் துண்டு காத்துல பறந்துடுச்சுன்னா புள்ள நடந்து வந்துருவாளே."

"நாலு கிளிப்பு போடுறேன். எப்படிப் பறக்கும்?"

"ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

"ஒங்க லிஃப்ட ஒங்க கம்பெனியிலேயே வச்சுக்கங்க."

அவர் சிரித்தபடியே வேலைக்குக் கிளம்பினார். 'நீயே முனைக்குப் போய்க் கூட்டிட்டு வந்தா என்ன?' என்று கேட்கவில்லை. நாலு மணிக்கு ஆஸ்பத்திரி வண்டி வரும், அதற்குள் விரிப்புகளைக் கட்டி வைக்க வேண்டும் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தாள். வண்டி வருவது உண்மைதான். ஆனால் முனைக்குப் போய்வரப் பத்து நிமிடம்கூட ஆகாது. இரண்டரைக்கும் நாலுக்கும் நடுவில் அந்தக் கம்பிக் கதவைத் தாண்டி அவள் கால் நகராது. அதுதான் விஷயம்.

புகார் செய்யாமல் இல்லை. டயர்க்கடைக்காரரிடம் இரண்டு தடவை போனாள், காலையில், நாய் கட்டியிருக்கும்போது. "அது வெளையாடும்மா. நீங்க பயப்படுறது அதுக்குத் தெரியுது, அதான் கூட ரெண்டு அடி வருது" என்றார். பார்சல் கொண்டுவந்தவரைக் கடித்ததே என்று கேட்டதற்கு, "பேன்ட்டத்தானே புடிச்சுது, காலப் புடிக்கலையே" என்றார். நகராட்சி ஆபீசுக்கும் போனாள். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் பொறுமையாகத்தான் கேட்டுக்கொண்டாள்.

"தெருநாயாம்மா?"

"இல்ல, ஆளு இருக்கு."

"ஆளு இருக்குற நாய்னா கடிச்சிருக்கணும். கடிச்சுதா?"

"இன்னும் இல்ல."

"அப்ப கடிச்சதும் வாங்க" என்றாள் அந்தப் பெண். சொன்ன பிறகு அவளுக்கே ஒரு மாதிரி ஆகியிருக்க வேண்டும், தலையைக் குனிந்துகொண்டு எதையோ எழுதினாள்.

இவ்வளவும் வெளியில் தெரிந்த கதை. தெரியாத கதை ஒன்று இருந்தது. அது நடந்து நாலு மாதம் ஆகிவிட்டது.

அன்றைக்குப் பள்ளிக்கூடம் அரை நாள். அவளும் குட்டியும் கடைத்தெருவுக்குப் போய்விட்டு மூன்று மணிக்குக் கை கோத்துக்கொண்டு வந்தார்கள். குட்டி ஏதோ ஒரு பாட்டு டீச்சர் தும்மியதைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தாள். டயர் அடுக்குகளுக்குப் பின்னாலிருந்து அந்த உறுமல் கேட்டது. குரைத்திருந்தால்கூடத் தேவலை. குரைக்கிற நாய்க்கு இன்னும் யோசனை இருக்கிறது என்று அர்த்தம். இது தரையோடு தரையாக, நின்றுபோகும் மோட்டார் மாதிரி ஒரு சத்தம். தடித்த கழுத்து, கிழிந்த ஒரு காது, தாழ்ந்த தலை. அது நடந்து வரவில்லை, ஓடியும் வரவில்லை. இருந்த இடத்திலிருந்து நேராக அவர்கள் மேல் வந்தது.

ஓடினாள். கம்பிக் கதவுக்குள் நுழைந்தாள், சாத்தினாள், கொண்டியைப் போட்டாள். இவ்வளவையும் அவள் கைகள் செய்தன. திரும்பிப் பார்த்தபோது குட்டி கதவுக்கு வெளியே நின்றிருந்தாள்.

எப்போது கையை விட்டாள் என்று அவளுக்குத் தெரியவில்லை. இன்றுவரை தெரியவில்லை. அந்த விரல்கள் தன் விரல்களிலிருந்து உருவிப் போன நொடியை எத்தனையோ தடவை தேடிப் பார்த்துவிட்டாள், கிடைக்கவில்லை. கிடைத்ததெல்லாம் அதற்குப் பிந்தைய நொடிகள்தான். நாய் குட்டியிலிருந்து ஒரு முழ தூரத்தில் நின்று பல்லைக் காட்டியது. குட்டி நட்ட கம்பம் மாதிரி நின்றாள். கம்பிகளுக்கு நடுவே அம்மாவைப் பார்த்தாள். அழவில்லை, கூப்பிடவும் இல்லை. அம்மாவின் கை கொண்டியின் மேல் இருந்தது. திறக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். அந்தக் கை திறக்கவில்லை.

டயர்க்கடைக்காரர் விசிலடித்தார். நாய் திரும்பிப் போனது. அப்புறம்தான் கை திறந்தது.

சாயங்காலம் கணவர் கேட்டபோது, "ஸ்பிரிங்கு டக்குனு சாத்திக்கிச்சுங்க. குட்டி வெளிய மாட்டிக்கிட்டா" என்றாள். கதவு தானாகச் சாத்திக்கொள்ளட்டும் என்று பழைய லிஃப்ட் கதவின் ஸ்பிரிங் ஒன்றை அவர்தான் அதில் மாட்டியிருந்தார். அவர் முகம் செத்துப் போயிற்று. ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே ஸ்குரூ டிரைவரோடு இறங்கிப்போய் அதைக் கழற்றிவிட்டு வந்து, வீசிவிட்டேன் என்றார். குட்டி பாடப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு அவர்கள் பேசியதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

எந்த ஸ்பிரிங்கும் கொண்டி போடாது. கதவையும் கொண்டியையும் வைத்தே பிழைக்கிற மனுஷனுக்கு அது தோன்றியதா இல்லையா என்று அவள் கேட்டதில்லை. ஆனால் ஒவ்வொரு தடவை கதவைத் தாண்டும்போதும் ஸ்பிரிங் இருந்த இடத்தில் நாலு ஸ்குரூத் துளைகள் அவளைப் பார்த்தன. அதைவிட இன்னொன்று. அன்றிலிருந்து குட்டி தெருவில் அவள் கையைப் பிடிப்பதில்லை. புத்தகப் பையின் இரண்டு பட்டைகளையும் இரண்டு கைகளால் பிடித்துக்கொண்டு நடப்பாள். கோபமெல்லாம் இல்லை. பை கனமாக இருக்கிறது என்பாள்.

நாயைவிட அவளுக்கு அதிகப் பயம் தந்தது எது என்று கேட்டால், தன் கைதான் என்று சொல்லியிருப்பாள். யாரும் கேட்கவில்லை. அந்தக் கை இன்னொரு தடவை என்ன செய்யும் என்று அவளுக்குத் தெரியாது. அது தெரிய வராமலே இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் சிவப்புத் துண்டு, மருந்துக்கடை அக்கா, எல்லாம்.

அழுக்குத் துணியைக் கண்டால் அந்தக் கைகள் சும்மா இருக்காது. "நான் சட்டையக் கழட்டுறதுக்குள்ள புடுங்கித் தண்ணியில போட்டுருவா. உள்ள ஆளு இருக்கானான்னுகூடப் பாக்க மாட்டா" என்று கணவர் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். பதினெட்டு வருடப் பழக்கம். கறை பட்ட துணி கண்ணில் பட்டால் அவள் யோசிப்பதற்கு முன்பே அது வாளிக்குள் இருக்கும்.

அந்த வியாழக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து வழக்கத்தைவிட ஒரு மூட்டை அதிகம் வந்திருந்தது. இரண்டரைக்கு டயர்க்கடைக்காரர் நாயை அவிழ்த்துவிட்டார். சங்கிலி தரையில் விழும் சத்தம் கேட்டதும் துண்டைக் கம்பியில் போட்டு நாலு கிளிப்பும் மாட்டினாள். மூன்று மணிக்கு மேல் காய்ந்த விரிப்புகளை எடுக்கப் பால்கனிக்கு வந்தாள். ஒரு புறா கம்பியில் உட்கார்ந்துவிட்டுப் போயிருந்தது. துண்டின் நடுவில் வெள்ளையும் பச்சையுமாக எச்சம். விரிப்புகளைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனாள்.

அரை மணி நேரம் கழித்து, ஊற வைத்திருந்த கடைசி விரிப்பை வாளியிலிருந்து தூக்கிப் பிழிந்தாள். தண்ணீர் இளஞ்சிவப்பாக வழிந்தது.

முதலில் வந்தது எரிச்சல். 'போச்சு. ஆஸ்பத்திரி விரிப்பு. இதை வெளுக்கவைக்க இன்னும் ரெண்டு தண்ணி.' எது சாயம் விட்டது என்று வாளிக்குள் கையை விட்டுத் துழாவினாள். வெளியே வந்தது சிவப்புத் துண்டு.

அதைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தாள். அது இங்கே எப்படி வந்தது என்று நிஜமாகவே புரியவில்லை. கிளிப்புகளைக் கழற்றியது நினைவில்லை. பிறகு புரிந்தது. சுவரில் மணி மூன்று நாற்பத்தேழு.

பால்கனிக்கு ஓடினாள். கம்பியில் நாலு கிளிப்புகள் மட்டும் வரிசையாக இருந்தன. தெருவில் குட்டி வந்துகொண்டிருந்தாள். முனையைத் தாண்டி, முடிவெட்டும் கடையையும் தாண்டி, பட்டைகளைப் பிடித்துக்கொண்டு, வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு. டயர் அடுக்குக்கு இந்தப் பக்கம் மேனேஜர் எழுந்து நின்றது. மேலேயிருந்து பார்த்தால் இரண்டும் தெரிந்தது. குட்டிக்கு அடுக்கு மட்டும்தான் தெரியும்.

கத்தினால் குட்டி ஓடுவாள். ஓடினால் அது பாயும். கத்தாதே என்று தன்னிடமே சொல்லிக்கொண்டாள். சொல்வதற்குள் படிக்கட்டில் இருந்தாள். பாதி பிழிந்த விரிப்பு அவள் கையிலேயே இருந்தது. தண்ணீர் படிகளில் சொட்டியது. கால் ஒரு தடவை வழுக்கி, சுவரில் முழங்கை இடித்தது.

கம்பிக் கதவு.

கை கொண்டியின் மேல் போயிற்று. அங்கேயே நின்றது.

கம்பிகளுக்கு நடுவே குட்டி தெரிந்தாள். இப்போது அவளும் நாயைப் பார்த்துவிட்டாள். நின்றுவிட்டாள். கைகளைத் தளர விட்டு, கண்ணைக் கீழே போட்டு, சொல்லிக்கொடுத்தபடியே கம்பமாக நின்றாள். மேனேஜர் தலையைத் தாழ்த்திக்கொண்டு அவளைச் சுற்றி வந்தது. அதே உறுமல். குட்டி மெதுவாகக் கண்ணை உயர்த்தினாள். நாயைப் பார்க்கவில்லை, கதவைப் பார்த்தாள். அவள் உதடுகள் அசைந்தன.

அம்மாவின் உடம்பு முழுக்க வேண்டாம் என்றது. அதை அவள் பிற்பாடு மறைக்கவில்லை. தொண்டையிலிருந்து குதிகால் வரை ஒவ்வொரு துண்டும் தனித்தனியாக வேண்டாம் என்றது. தைரியம் என்று எதுவும் எங்கிருந்தும் வரவில்லை. இரும்பு மட்டும் குளிர்ச்சியாக விரலில் பட்டது. அந்த விரலை நிமிர்த்தினாள். அவ்வளவுதான் செய்தாள். கொண்டி மேலே போயிற்று.

வெளியே வந்த பிறகு நடந்தாள். ஓடக் கூடாது என்று தெரியும், ஓடவும் வரவில்லை. நாய் திரும்பி அவளைப் பார்த்தது. ஈர விரிப்பின் இரண்டு மூலைகளையும் பிடித்து, கொடியில் போடுவதற்கு முன்னால் உதறுவது போல ஓங்கி உதறினாள். தினமும் ஐம்பது தடவை செய்கிற வேலை. தெரு முழுக்க வெடித்த மாதிரி ஒரு சத்தம் கேட்டது. நாய் இரண்டடி பின்வாங்கியது. இன்னொரு தடவை உதறினாள். அந்த இடைவெளியில் குட்டிக்கும் அதற்கும் நடுவில் வந்து நின்றாள். இடது கையைப் பின்னால் நீட்டினாள். குட்டியின் சட்டையோ, பையோ, ஏதோ ஒன்று அகப்பட்டது. கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்குப் பின்னாடியே நட. கதவப் பாத்து. திரும்பாத."

"சரிம்மா."

மூன்றாவது உதறலுக்கு அது பயப்படவில்லை. பாய்ந்தது. விரிப்பை வலது கையில் சுற்றிக்கொள்ள ஒரு சுற்றுக்குத்தான் நேரம் இருந்தது. பற்கள் துணியோடு சேர்த்து முன்கையைக் கவ்வின. வலி உடனே வரவில்லை. கனம்தான் வந்தது, யாரோ ஒரு முழு மூட்டையைக் கையில் தொங்கவிட்டது போல. நாயின் கண் மிக அருகில் இருந்தது. பழுப்பு நிறம். அதில் கோபமோ வேறெதுவோ இல்லை, அதுதான் பயங்கரமாக இருந்தது. இடது கை பிடியை விடவில்லை. விடுகிறதா என்று அவள் கவனித்துக்கொண்டே இருந்தாள், வேறு யாரோ ஒருத்தியின் கையைக் கவனிப்பது போல. விடவில்லை.

"மேனேஜர்! விடு! விடுன்னா!" டயர்க்கடைக்காரர் லுங்கியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, தூக்கக் கலக்கத்தோடு ஓடிவந்து கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுத்தார். நாய் விரிப்போடு போயிற்று. கிழிந்த பாதி தெருவில் கிடந்தது. இளஞ்சிவப்பில் இப்போது உண்மையான சிவப்பும் இருந்தது.

அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ் குழாயடியில் கையைப் பிடித்து வைத்துச் சோப்புப் போட்டுக் கழுவினாள். கால் மணி நேரம் கழுவ வேண்டுமாம். "துணி தொவைக்கிறீங்கன்னு சொன்னீங்களே, அந்த மாதிரிதான், அவசரப்படக் கூடாது" என்றாள். ஈரத் துணி தடிப்பாக நடுவில் இருந்ததால் நாலு பல் மட்டும் இறங்கியிருந்தது. ஊசிகள் போட்டார்கள். இன்னும் வரவேண்டிய தேதிகளை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள்.

டயர்க்கடைக்காரர் வாசலிலேயே நின்றார். "இதுவரைக்கும் இப்படிப் பண்ணதே இல்லம்மா" என்றார். கூட வந்திருந்த மருந்துக்கடை அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இப்ப பண்ணிட்டாருல்ல. நகராட்சி ஆபீசுக்குப் போன் பண்ணிட்டேன், இனிமே மனுவ வாங்கிக்குவாங்க. நாளைக்கு வந்து கூட்டிட்டுப் போறோம்னு சொல்லிட்டாங்க. ஒங்க மேனேஜருக்கு லீவு."

அவர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனார். அவர் மேல் தனக்குக் கோபம் வரும் என்று அவள் காத்திருந்தாள். வரவில்லை.

கணவர் வேலையிடத்திலிருந்து கிரீஸ் கையோடு ஓடிவந்தார். அவள் கையில் போட்டிருந்த கட்டைப் பார்த்தார். குட்டியை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். பெஞ்சில் உட்கார்ந்தார்.

"துண்டு எங்க போச்சு?" என்றார் மெல்ல.

"தொவைச்சுட்டேன்."

அவர் லிஃப்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். அவர் சொல்லாததால்தானோ என்னவோ, நாலு மாதமாக மறைத்தது தானாக வெளியே வந்தது.

"என்னங்க, அன்னைக்கு ஸ்பிரிங்கு சாத்தல. நான்தான் சாத்துனேன். கொண்டியும் நான்தான் போட்டேன். இவ வெளிய நிக்கிறா, நான் உள்ள நின்னு பாத்துக்கிட்டு இருந்தேன். தொறக்கல."

உள்ளே எங்கோ ஒரு டம்ளர் உருண்டது. குட்டி இரண்டு கால்களையும் ஆட்டிக்கொண்டிருந்தாள். ஆட்டுவதை நிறுத்தினாள்.

"பதினொண்ணு" என்றாள்.

"என்னது?"

"அன்னைக்குப் பதினொண்ணு வரைக்கும் எண்ணுனேன். பயமா இருந்தா எண்ணுன்னு நீதானம்மா சொல்லிக் குடுத்த. பதினொண்ணு வந்ததும் தொறந்துட்ட."

அவள் எத்தனையோ ராத்திரி அந்த நேரத்தை அளந்து பார்த்திருக்கிறாள். சில ராத்திரி அது ஒரு நொடியாக இருந்தது, சில ராத்திரி ஒரு முழு மதியமாக. அதற்கு ஒரு எண் இருக்கும் என்றும், அது இத்தனை நாளும் தன் பக்கத்திலேயே படுத்துத் தூங்கியது என்றும் நினைக்கவில்லை.

"இன்னைக்கும் எண்ணுனியா?" கேட்கும்போது அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"ம். நாலு."

கணவர் எழுந்தார். கிரீஸ் கையைக் கால்சட்டையில் துடைத்தார். "அந்த ஸ்பிரிங்கத் திரும்ப மாட்டிரவா?" என்றார் சுவரைப் பார்த்துக்கொண்டு. "பரண்லதான் கெடக்கு. நான் வீசல." அவள் சரி என்று தலையை ஆட்டினாள்.

இருட்டுவதற்குள் திரும்பினார்கள். முனையில் வந்ததும் அவள் பழக்கத்தில் தலையைத் தூக்கிப் பால்கனியைப் பார்த்தாள். வெறும் கம்பி. அதற்கு என்ன அர்த்தம் என்று இனிமேல் புதிதாகத்தான் முடிவு செய்ய வேண்டும். 'துண்டு தொங்கினால் வா, இல்லையென்றால் நில்' என்று மாற்றிவிடலாம். இல்லை, துண்டே வேண்டாம், மூன்றே முக்காலுக்கு மருந்துக்கடை வாசலில் நானே நின்றால் போதும். அதை நினைத்ததும் அவள் கண் பழையபடி டயர் அடுக்குகளைத் தேடியது. நாளைக்கு நாய் போய்விடும் என்று தெரிந்தும் தேடியது.

டயர்க்கடைக் கதவு பாதி இறக்கியிருந்தது. உள்ளே இருட்டில் சங்கிலி புரண்டது. கட்டியிருக்கிற சங்கிலிதான். மூன்று பேரும் நின்றுவிட்டார்கள்.

குட்டி பையின் இடது பட்டையிலிருந்து ஒரு கையை எடுத்தாள். அம்மாவின் கட்டுப் போடாத கையின் இரண்டு விரல்களைப் பிடித்துக்கொண்டாள். மற்றக் கை பட்டையிலேயே இருந்தது.

"நடம்மா" என்றாள். "மெதுவா. ஓடக் கூடாது."